ஐந்தாவது சுறா

1972 ஜனவரி 22, சனி. மன்னார் வளைகுடாவின் வெளி விளிம்பில், ஏறத்தாழ நூற்றைம்பது பாகம், அதாவது தொள்ளாயிரம் அடி, ஆழத்தில் விசைக்கப்பல் ஒன்று இழுத்த மடிவலையில் ஒரு சிறு சுறா. ஆண். நீளம் 18.6 செ.மீ. ஃபார்மலினில் இடப்பட்டது.

பிப்ரவரி 18, வெள்ளி, மாலை 4.20. அதே கப்பல், அதே இனம். பெண். நீளம் 21.4 செ.மீ. வயிறு புடைத்திருந்தது. அறுக்கப்படவில்லை. பெயர்ச்சீட்டுக் கட்டப்படவில்லை. விலங்கியல் ஆய்வகத்தின் ஐஸ் பெட்டியில், செய்முறை வகுப்புக்கு வந்திருந்த 24 சுறாக்களுக்கு அடியில் வைக்கப்பட்டது.

பிப்ரவரி 19, சனி, காலை 9.30 முதல் 12.30 வரை. செய்முறை வகுப்பு. மாணவர் 20. அறுக்கப்பட்ட சுறா 20. நான் ஊரில் இல்லை.

பிப்ரவரி 21, திங்கள், காலை 9.10. பெட்டி காலி.

பிப்ரவரி 22, செவ்வாய். கல்லூரித் தாளாளருக்கு என் கடிதம்.

ஏப்ரல் 28, வெள்ளி. துறையின் இளைய விரிவுரையாளர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

ஜூன் 19, திங்கள். வெளியூர் நிபுணரிடமிருந்து பதில்.

1979 ஆகஸ்ட் 12, ஞாயிறு, காலை 6.40. என் மனைவி காலமானாள்.

இவை என் ஆய்வுக் குறிப்பேட்டில் உள்ளபடி. கடைசி வரியை மட்டும் இந்த மாதம் சேர்த்தேன். குறிப்பேட்டில் இடம்பெறாதவற்றை இங்கே எழுதுகிறேன்.

இளைய விரிவுரையாளர் என்று குறித்திருப்பவர் என் நண்பர். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவர். அவர் தந்தை முத்துக் குளித்தவர். மைத்துனர், ஆழ்கடலில் மீன்வளம் தேடும் விசைக்கப்பல் ஒன்றில் வலை இழுப்பவர். நான் நாசரேத் பக்கத்து மிஷன் பள்ளிகளில் படித்து, மீன்களின் குடலில் வாழும் புழுக்களைப் பற்றி ஆய்வேடு எழுதி முனைவர் பட்டம் பெற்றவன். அந்த ஆய்வேட்டை என்னையும் என் தேர்வாளர்கள் இருவரையும் தவிர வேறு யாரும் படித்ததாகத் தெரியவில்லை. நண்பருக்குக் கடல் தெரியும்; எனக்குக் கடலைப் பற்றிய புத்தகங்கள் தெரியும். இருவரும் ஒரே மேசையின் இரு பக்கங்களில் நான்கு ஆண்டுகள் அமர்ந்திருந்தோம். கல்லூரியில் அவர் என்னை "சார்" என்று அழைத்ததில்லை. முதல் நாளே "அண்ணாச்சி" என்றார். என் மனைவி அவருக்கு "மயினி".

அந்த ஜனவரிச் சனிக்கிழமை அவர் ஒரு பனையோலைக் கொட்டானை என் மேசையில் வைத்தார்.

"அண்ணாச்சி, இது என்ன சாமான்னு பாருங்க. என் மச்சினன் கொண்டாந்தான். இதச் சுறான்னு வீட்டுக்குக் கொண்டுபோனா பூனகூடச் சிரிக்கும்ங்கான்."

ஈர ஐஸ் துண்டுகளுக்கு நடுவே ஒரு சாணுக்கும் குறைந்த நீளத்தில் அது கிடந்தது. உடல் முழுதும் கரும்பழுப்பு. கண்கள் உடலுக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியவை, நீள்வட்டமானவை. வெளிச்சத்தில் திருப்பினால் பச்சையாக ஒளிர்ந்தன. வெளிச்சம் எட்டாத ஆழத்தில் வாழும் உயிரின் கண்கள். முதுகுத் துடுப்புகள் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. வால் கீழ்மடல் இல்லாமல், நாடா ஒன்றை ஒட்டவைத்ததுபோல நீண்டு தட்டையாக இருந்தது.

"குட்டிதான அண்ணாச்சி? பெரிய சாதி ஏதாவதோட குட்டி."

நான் அதைப் புரட்டினேன். ஆண் சுறாவின் இடுப்புத் துடுப்புகளை ஒட்டி இரு பற்றுறுப்புகள் உண்டு. குட்டியில் அவை மென்மையாகக் குழைந்திருக்கும். வளர்ந்த ஆணில் உள்ளே சுண்ணாம்பு ஏறி விறைத்திருக்கும். இதில் அவை ஈர்க்குச்சி போல விறைத்திருந்தன.

"இது குட்டி இல்லை. முழு வளர்ச்சி அடைந்த ஆண்."

அவர் சத்தமாகச் சிரித்தார். "இதுவா? மீச மொளச்ச பயலா இது?" பிறகு குனிந்து, தாமே தொட்டுப் பார்த்து, சிரிப்பை நிறுத்தினார். "சரிதான் அண்ணாச்சி. ஆனா ஒரு ஆம்பள சாட்சிய வச்சு யாரு நம்புவா? வயித்துப் பிள்ளக்காரி ஒருத்தி வந்து சொல்லணும்லா."

அவர் மனைவிக்கு அப்போது எட்டு மாதம். அதனால் அப்படிச் சொன்னார். சொன்னதில் அறிவியல் பிழை ஒன்றும் இல்லை. சூல்கொண்ட பெண் ஒன்று கிடைத்தால், ஒரு சாண் நீளமே இந்த இனத்தின் முழு வளர்ச்சி என்பது ஐயமற நிறுவப்படும். உலகின் மிகச் சிறிய சுறாக்களில் ஒன்று எங்கள் கடலின் விளிம்பில் வாழ்கிறது என்று எழுத முடியும். என் கையிலிருந்த நூல்களில் அதற்குப் பெயர் இல்லை. அது அறிவியலுக்கே புதியது என்று ஒரு வாரத்துக்குள் நம்பத் தொடங்கிவிட்டேன். அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் மனைவியின் பெயரை இலத்தீனப்படுத்தி அந்த மீனுக்கு வைப்பது என்று முடிவு செய்து, நான்கு எழுத்துமுறைகளில் ஒரு தாளில் எழுதிப் பார்த்து, அந்தத் தாளைக் கிழித்தேன். இதை அவளிடம் சொல்லவில்லை. மீனைப் பற்றியே அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. கல்லூரிச் செய்திகளை வீட்டில் பேசும் வழக்கம் எனக்கு இருந்ததில்லை.

சந்தேகம் எந்த நாளில் தொடங்கியது என்று சொல்ல முடியும். பிப்ரவரி முதல் வாரத்தில், நண்பரின் மேசைமேல் தாமரை இலைபோல் விரிந்து கிடந்த விடைத்தாள்களுக்கு அடியிலிருந்து ஓர் அஞ்சல் ரசீது வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பதிவுத் தபால். பெறுநர், சுறாக்களை அறிந்த ஒரு வெளியூர் நிபுணர். அவருக்கு எழுத வேண்டும் என்று நானே ஒருமுறை சொல்லியிருந்தேன். எப்போது எழுதுவது என்று சொல்லவில்லை. நண்பர் எழுதிவிட்டார். என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை.

அன்றிலிருந்து நான் பார்க்கத் தொடங்கினேன். அலமாரிச் சாவி இருவரிடமும் இருந்தது. ஆண் சுறா இருந்த சீசாவின் பெயர்ச்சீட்டு சுவரைப் பார்த்தபடி வைப்பது என் வழக்கம். ஒரு காலையில் அது என்னைப் பார்த்து இருந்தது. அலமாரிக் கதவிடுக்கில் மெல்லிய தாள் துண்டு ஒன்றை ஒட்டினேன். இரண்டு நாளில் அது கிழிந்திருந்தது. எறும்போ ஈரக்காற்றோ கிழித்திருக்கலாம் என்று இன்று எழுத முடிகிறது. அன்று நான் நண்பரின் விரல் நகங்களைப் பார்த்தேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். ஐம்பதுகளில் இந்தக் கரையில் அரசு முத்துக்குளிப்பு நடத்தியபோது, புதிய விரிவுரையாளனாக அந்த முகாமைப் பார்க்கப் போனேன். கரையேறும் ஒவ்வொரு குளியாளியின் துணி முடிச்சையும் காவலர் அவிழ்த்துப் பார்த்தனர். சிலரின் வாயைத் திறக்கச் சொன்னார்கள். படகிலேயே சிப்பியைத் திறந்து முத்தை வாயில் அடக்கிக்கொள்வார்கள் என்று என்னுடன் வந்தவர் சொன்னார். அந்த வரிசையில் நண்பரின் தந்தையும் நின்றிருப்பார். இருபது ஆண்டுகளுக்குப் பின், என்னோடு ஒரே மேசையில் அமர்ந்து ஒரே காகிதப் பொட்டலத்தில் கடலை தின்ற ஒருவரைப் பற்றி, எனக்கு அந்த வரிசை நினைவுக்கு வந்தது. கற்ற கல்வி இதைத் தடுக்கவில்லை.

பிப்ரவரி இரண்டாம் வாரம் நண்பருக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவர் விடுப்பில் இருந்த வெள்ளிக்கிழமை மாலை, மைத்துனர் நேராக என்னிடம் வந்தார். "அத்தான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலையுதாரு. நீங்களே வச்சிக்கிடுங்க சார்" என்று ஈரச் சாக்குத் துண்டைப் பிரித்தார். அதே கரும்பழுப்பு, அதே நாடா வால். வயிறு பக்கவாட்டில் பிதுங்கியிருந்தது. விரலால் மெல்ல அழுத்தினேன். உள்ளே இரண்டு, நீளமாக, திடமாக. உங்கள் அத்தானிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று மைத்துனரை அனுப்பினேன்.

ஒழுங்கான செயல்முறை எது என்று எனக்குத் தெரியும். உடனே வயிற்றைக் கீறி, ஃபார்மலினில் இட்டு, பெயர்ச்சீட்டுக் கட்டி, குறிப்பேட்டில் எண் இட்டிருக்க வேண்டும். மாணவருக்கு ஆண்டுதோறும் நான் சொல்லித் தருவது அதுவே. ஆனால் சீசாவில் இட்டால் நண்பர் கண்ணில் படும் என்று நினைத்தேன். திங்கட்கிழமை ஸ்டூடியோக்காரரை வரவழைத்து, நிறம் மாறாத நிலையில் படம் பிடித்து, கல்லூரி முதல்வர் முன்னிலையில் வயிற்றைத் திறந்து, சாட்சியோடு பதிவு செய்வது என்று திட்டமிட்டேன். அதுவரை ஒளித்துவைக்க ஓர் இடம் தேவை.

மறுநாள் இரண்டாம் ஆண்டு மாணவருக்குச் சுறா அறுக்கும் வகுப்பு; அதை டெமான்ஸ்ட்ரேட்டர் நடத்துவார். அதற்காக இருபத்துநான்கு சிறு சுறாக்கள், ஒவ்வொன்றும் முழங்கை நீளம், துத்தநாகத் தகடு அடித்த தேக்குப் பெட்டியில் ஐஸோடு வந்திருந்தன. மாணவர் இருபது பேர். அடியில் இருக்கும் நான்கையும் யாரும் தொடமாட்டார்கள். என் சுறாவை அந்த நான்குக்கும் கீழே, தகட்டை ஒட்டி, சீட்டு இல்லாமல் வைத்தேன். சீட்டு இருந்தால் அது என்னவென்று தெரிந்துவிடும் அல்லவா. பெட்டியை மூடிவிட்டு ஏரலுக்குப் பஸ் ஏறினேன். என் தம்பி மகனுக்கு அங்கே நிச்சயதார்த்தம். மனைவியும் வருவதாக இருந்தது. தலைவலி என்று கடைசியில் வரவில்லை.

திங்கட்கிழமை காலை நண்பர் வராந்தாவில் எதிர்ப்பட்டார். விடுப்பு முடிந்திருந்தது. என்னைப் பார்த்து, எதையோ சொல்ல வந்து, சொல்லாமல், உதட்டைக் கடித்துச் சிரித்தார். நான் ஆய்வகத்துக்குள் போனேன். பெட்டி கழுவி, வெயிலில் காய, கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

ஆய்வக உதவியாளரை அழைத்தேன். முத்தையாபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து ஆறு மணிக்கே அறை திறப்பவர். பதினைந்து ஆண்டுகளாக என்னிடம் வேலை பார்ப்பவர்.

"பெட்டியைத் திறந்தது யார்?"

"நாந்தான் சார். பிராக்டிகலுக்கு."

"வகுப்பு முடிந்ததும்?"

"கழுவிக் கவுத்திட்டேன் சார். இல்லன்னா நாறும்லா."

"உள்ளே மிச்சம் ஏதும் இருந்ததா?"

அவர் கை, தோளில் கிடந்த துண்டின் நுனியைத் தேடியது. "ஒண்ணுமில்ல சார்."

"சனிக்கிழமை வேறு யாராவது இங்கே வந்தார்களா?"

"சின்ன சார் வந்தாரு. பிள்ள பொறந்ததுக்கு முட்டாய் குடுக்க. சும்மா அங்கன நின்னு எட்டிப் பாத்துட்டுப் போனாரு."

எனக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது: ரசீது, திரும்பியிருந்த சீசா, கிழிந்த தாள், எட்டிப் பார்த்தல், துண்டின் நுனியைத் தேடிய கை, உதட்டைக் கடித்த சிரிப்பு. ஒன்றை அடுத்து ஒன்றாக அடுக்கினேன். எந்த ஆய்வுக் கட்டுரையிலும் என் சான்றுகள் இவ்வளவு இசைவாக அமைந்ததில்லை.

அன்று மாலை வீட்டில் அமர்ந்து தாளாளருக்கான கடிதத்தின் முதற்படியை எழுதினேன். "ஐயுறுகிறேன்" என்ற சொல்லை மூன்று இடங்களில் பயன்படுத்தினேன். "திருடினார்" என்று எங்கும் எழுதவில்லை. மனைவி ஒரு தட்டில் மக்ரூன் கொண்டுவந்து வைத்தாள். எங்கள் ஊர் மக்ரூன், முந்திரியும் முட்டை வெள்ளையும் அடித்துச் செய்வது, வாயில் வைத்தால் கரைவது.

"ஏது?"

"ஒரு வீட்டுலருந்து வந்துச்சு."

எந்த வீடு என்று கேட்கவில்லை. இரண்டு மக்ரூன் தின்றேன். தாளில் விழுந்த தூளை ஊதிவிட்டு எழுத்தைத் தொடர்ந்தேன்.

நண்பரின் பணி தற்காலிகமானது. ஆண்டுதோறும் ஏப்ரலில் நீட்டிக்கப்படும். அந்த ஏப்ரலில் நீட்டிக்கப்படவில்லை. காரணம் அவருக்குச் சொல்லப்படவில்லை. என் கடிதம் தாளாளரின் மேசையைத் தாண்டவில்லை என்பதைப் பின்னர் அறிந்தேன். கடைசி நாள் அவர் அலமாரிச் சாவியை என் முன் வைத்தார். குளச்சல் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார்.

"பிள்ளைகளுக்குத் தவக்காளயும் கரப்பானும் சொல்லிக் குடுக்க வேண்டியதுதான். சுறாவ அவுகளே எனக்குச் சொல்லித் தருவாவ, அங்கயும் கடக்கரைதான" என்று சிரித்தார். வாசல் வரை போய்த் திரும்பினார். "அண்ணாச்சி, அந்தப் பொம்பளச் சுறா என்னைக்காவது கெடச்சா எனக்கு ஒரு கார்டு போடுங்க. மறந்துராதீங்க."

எவ்வளவு துணிச்சல் என்று நினைத்தேன். என் குற்றச்சாட்டு தமக்குத் தெரியாததுபோல நடிக்கிறார் என்று நினைத்தேன். அந்தப் பெண் சுறா கிடைத்ததே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று நினைக்கவில்லை.

"பார்க்கலாம்" என்றேன்.

ஜூன் பத்தொன்பதாம் தேதி நிபுணரின் பதில் வந்தது. உறைமேல் இரண்டு பெயர்கள் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. முதலில் என் பெயர், அடுத்து நண்பருடையது. கடிதம் "தாங்கள் இருவரும் அனுப்பிய விளக்கமும் படமும்" என்று தொடங்கியது. நண்பர் வரைந்த படத்தின் நகலும் இணைக்கப்பட்டிருந்தது. கீழே அவர் கையெழுத்தில் ஒரு வரி: கண்டறிந்தவர், என் பெயர்; மீனைக் கொணர்ந்தவர், அவர் மைத்துனரின் பெயர்; வரைந்தவர், அவர் பெயர். மூன்றாவதாகத் தம்மை எழுதியிருந்தார்.

செய்தி சுருக்கமானது. இந்த மீன் அறிவியலுக்குப் புதியது அன்று. பல பத்தாண்டுகளுக்கு முன்பே கீழைக் கடலொன்றில் பிடிக்கப்பட்டு, விவரிக்கப்பட்டு, பெயரும் பெற்றுவிட்டது. ஆயினும் இந்தக் கடலில் அது வாழ்வதும் இனப்பெருக்கம் செய்வதும் பதிவு செய்யத் தக்கவை. ஆணின் முதிர்ச்சி பற்றிய தங்கள் கணிப்புச் சரியே. சூல்கொண்ட பெண் ஏதும் கிடைத்ததா? கிடைத்திருந்தால் குட்டிகளின் எண்ணிக்கையையும் நீளத்தையும் தெரிவிக்கவும்.

கல்லூரியிலிருந்து வீட்டுக்கு நடந்தேன். புதிய துறைமுகத்துக்குக் கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் சாலை முழுதும் புழுதி கிளப்பிக்கொண்டிருந்தன. வீட்டில் சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் அமர்ந்தேன். எங்கள் மணவாழ்வில் முதல்முறையாக, கேட்கப்படாமலே, கல்லூரிச் செய்தி ஒன்றை என் மனைவியிடம் சொன்னேன். ஒரு சுறா காணாமல் போனது என்று சொன்னேன்.

அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஒரு சுறாவுக்கா நாலு மாசமா மூஞ்சிய இப்பிடி வச்சிருந்தீங்க? அம்புட்டுப் பெரிசா?"

"இல்லை. இவ்வளவுதான்" என்று கையால் ஒரு சாண் காட்டினேன்.

கீரைக் காம்பு அவள் கையிலேயே நின்றது. "கருப்பா? வாலு நாடா கணக்கா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் அடுக்களைக்குள் போனாள். உப்புப் பானைக்குப் பின்னால் இருந்த சிறிய ஊறுகாய்ப் பரணியைக் கொண்டுவந்து என் முன்னால் தரையில் வைத்தாள். உள்ளே முழுதும் கல்லுப்பு. விரலால் தள்ளினாள். விரல் நீளத்தில் இரண்டு சுறாக்கள், உப்பில் சுருங்கி, அருகருகே. பெரிய கண்கள். நாடா வால்.

"ஒங்க லேபு ஆளுதான் கொண்டாந்தாரு. அஞ்சு."

"நான்கு."

"அஞ்சுங்க. நாலு ஒரே கணக்கு, ஒண்ணு மட்டும் பொடிசு."

பிறகு அவள் சொன்னதை அவள் சொன்ன வரிசையிலேயே தருகிறேன். வகுப்பில் அறுபடாமல் மிஞ்சும் சுறாக்களை ஆசிரியர் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் கல்லூரியில் எனக்கு முன்பிருந்தே உள்ள வழக்கம். விதியில் இல்லாதது, யாரும் குற்றமாக நினைக்காதது. என் துறையில் அது நடப்பது எனக்கும் தெரியும். கண்டும் காணாமல் இருந்தேன்; பெட்டியில் மீனை ஒளித்த அன்று அது எனக்கு நினைவுக்கே வரவில்லை. அந்தச் சனிக்கிழமை அவள் முன்கூட்டியே உதவியாளரிடம் கேட்டு வைத்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப்புட்டு கொடுப்பார்கள். மஞ்சள் போட்டு அவித்து, தோலை உரித்து, சதையை உதிர்த்து, பூண்டும் வெங்காயமும் நிறையப் போட்டு வதக்குவது. நண்பரின் மாமியார் நோயாளி. செய்து கொடுக்க ஆள் இல்லை. எனக்கும் நண்பருக்கும் இடையில் ஏதோ சரியில்லை என்பதை என் முகத்திலிருந்து அவள் அறிந்திருந்தாள். அதனால்தான் தலைவலி. அதனால்தான் தூக்குச் சட்டியைத் தானே எடுத்துக்கொண்டு போய், "அவங்ககிட்டச் சொல்லிராதீங்க" என்று உதவியாளரிடமும் அந்த வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். திங்கட்கிழமை காலை நண்பர் உதட்டைக் கடித்துச் சிரித்தது அதற்காக. மாலையில் தூக்குச் சட்டி வெறுமையாக வரக் கூடாது என்று அவர்கள் நிரப்பி அனுப்பியதே நான் தின்ற மக்ரூன்.

"அந்தப் பொடிசக் கீறுனா உள்ள ரெண்டு கெடக்கு" என்றாள். "முழுசா, கண்ணெல்லாம் தெறந்து. அதுகள உரிக்க எனக்குக் கை வரல. கீழ போடவும் மனசில்ல. உப்புல போட்டு வச்சேன்."

பரணியிலிருந்து அவற்றை எடுத்து அளவுகோலை வைத்தேன். அளக்காமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஏறத்தாழ ஒன்பது செ.மீ. உப்பில் சுருங்கியதைக் கூட்டிப் பார்த்தால், பிறக்கும்போது தாயின் பாதி நீளத்தை நெருங்கியிருக்கும். வகுப்புச் சுறாக்களில் குட்டிகள் தாயோடு கொடியால் பிணைந்து, ஒரே சூலில் பத்துக்கு மேலும் இருப்பதுண்டு. இந்தச் சின்ன உயிரோ இரண்டே இரண்டைச் சுமந்து, கொடி இல்லாமல், தன் கருப்பைக்குள் அவற்றின் மஞ்சள்கருவை மட்டுமே உணவாகத் தந்து, தன்னில் பாதியாகும்வரை வளர்த்து, இருட்டில் ஈன்று விடுகிறது. நிபுணர் கேட்ட எண்ணிக்கையும் நீளமும் என் உள்ளங்கையில் இருந்தன. நான் தேடிய சான்று முழுமையாக என் அடுக்களையில் நான்கு மாதம் இருந்திருக்கிறது.

அவற்றைப் பதிவு செய்ய வேண்டுமானால் எங்கிருந்து வந்தன என்று எழுத வேண்டும். அதை எழுதினால் பிப்ரவரி இருபத்திரண்டாம் தேதிக் கடிதம் பொய்யாகும்.

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சின்னவர எதுக்கு வேலையவிட்டு அனுப்புனாங்க? அவரு பெஞ்சாதி வந்து அழுதா. காரணமே தெரியலன்னா."

"என் கடிதத்தால்" என்றேன்.

அவள் கீரையை எடுத்து முறத்தில் போட்டாள். ஒரு கொத்து முழுதும் ஆய்ந்து முடித்தாள்.

"அப்ப இன்னொரு கடுதாசி எழுதுங்க."

எழுதுவதாகச் சொன்னேன். அன்று உண்மையாகவே எழுத நினைத்தேன். தாளாளர் வெளியூரில் இருந்தார். பிறகு கல்லூரி திறந்தது. பிறகு உதவியாளர் நினைவுக்கு வந்தார், மிச்சச் சுறாவைக் கொண்டுபோனதற்காக அவர் வேலைக்கு ஆபத்து வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிபுணருக்கு, பெண் கிடைக்கவில்லை என்று ஒரு வரி எழுதினேன். அதுவும் பொய். ஓய்வு பெறும்வரை அந்த அலமாரியின் இரு சாவிகளும் என்னிடமே இருந்தன. என் மனைவி மறுபடி ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவள் கேட்காதது மன்னிப்பா, கணக்கு வைப்பதா என்று ஏழு ஆண்டுகள் அவள் முகத்தைச் சந்தேகத்தோடு பார்த்தேன். உணவு பரிமாறும்போது பார்த்தேன். ஆலயத்தில் பெண்கள் பக்கத்து வரிசையில் அவள் தலை குனிந்திருக்கும்போது பார்த்தேன். அவள் எதற்காக ஜெபிக்கிறாள் என்று ஊகிக்க முயன்றேன்.

அவள் அடக்கத்துக்கு நண்பர் குளச்சலிலிருந்து வந்தார். நான் சொல்லியனுப்பவில்லை. தலை பாதி நரைத்திருந்தது. கூடவே ஏழு வயதுப் பெண் குழந்தை, வெள்ளைக் கவுனில். எல்லாரும் போனபின் என்னருகே பெஞ்சில் அமர்ந்தார்.

"இவளுக்குப் பாலு குடுத்தது மயினிதான் அண்ணாச்சி. இவ அம்மைக்கு ஒரு சட்டி நெறையப் புட்டு கொண்டாந்தாங்க. ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. ஏழு வருசமாச் சொல்லல. இனிமே சொல்லலாம்லா."

நான் தலையசைத்தேன்.

"அந்தப் பொம்பளச் சுறா கெடச்சுதா அண்ணாச்சி?"

அவர் முகத்தைப் பார்த்தேன். அழுது சிவந்த, எதையும் மறைக்காத முகம். அப்போதும், இவருக்கு எல்லாம் தெரியுமோ, தெரிந்துதான் கேட்கிறாரோ என்று எனக்குள் ஒன்று சான்றுகளை அடுக்கத் தொடங்கியது. அதை நிறுத்த முடியவில்லை.

"இன்னும் எழுதவில்லை" என்றேன். அது விடை அன்று. அவர் அதை விடையாக ஏற்றுக்கொண்டு என் கையைப் பிடித்தார். மாலை பஸ்ஸுக்குக் குழந்தையை அழைத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் காப்பி போட அடுக்களைக்குள் போனேன். சர்க்கரை எதில் இருக்கிறது என்று தெரியாததால் ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஊறுகாய்ப் பரணி அதே இடத்தில் இருந்தது. கல்லுப்பு வெள்ளை வெளேரென்று, ஈரம் கசியாமல், பொலபொலவென்று இருந்தது. எங்கள் ஊர்க் காற்றில் எந்த உப்பும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டி அப்படி இருக்காது. ஒவ்வொரு ஆண்டும் அவள் அதை மாற்றியிருக்கிறாள். இந்தக் கோடையிலும், நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற நாட்களில், மாற்றியிருக்கிறாள்.

இரண்டும் அருகருகே கிடந்தன. கண்கள் சுருங்கிவிட்டன. வால் இன்னும் நாடாவாகத்தான் இருக்கிறது.

செய்யாமல் விட்டவை:

தாளாளர் அலுவலகத்துக்கு, 1972 பிப்ரவரி 22 தேதியிட்ட என் கடிதம் முற்றிலும் தவறு என்று எழுதுவது. தாளாளர் மாறிவிட்டார், கோப்பு இருக்கும்.

ஆய்வக உதவியாளரை முத்தையாபுரத்தில் போய்ப் பார்த்து, அவர்மேல் குற்றம் இல்லை என்று நேரில் சொல்வது.

இரண்டு குட்டிகளையும் உப்பிலிருந்து எடுத்து, நனைத்து, மறுபடி அளந்து, சீசாவில் இட்டு, சீட்டுக் கட்டுவது. சீட்டில்: பிடித்தவர், நண்பரின் மைத்துனர். பாதுகாத்தவர், என் மனைவி.

நிபுணருக்குத் திருத்தம். எண்ணிக்கை 2.

தூக்குச் சட்டி. அடக்கத்தன்று நண்பரின் மைத்துனர் வீட்டிலிருந்து அதில் சோறு வந்தது. இன்னும் இங்கேயே, வெறுமையாக இருக்கிறது.

குளச்சலுக்கு ஒரு கார்டு.